பாலுக்குப் பதில் பாகு: உயிருள்ள உடலில் மரபணுத் திருத்தம் எப்படி இயங்குகிறது?

கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் உக்கிராண அறை. அங்கே பூட்டிய அலமாரியில் தடித்த கைப்பிரதி ஒன்று. அந்தக் கட்டில் செய்யக்கூடிய அத்தனை பதார்த்தங்களின் செய்முறையும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. புத்தகம் அறையை விட்டு வெளியே வராது. எந்தப் பதார்த்தம் வேண்டுமோ அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு சீட்டில் பார்த்தெழுதி அடுப்படிக்கு அனுப்புவார்கள். சீட்டில் உள்ளபடி சமையல் நடக்கும். வேலை முடிந்ததும் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

நம் செல்கள் ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்கின்றன. உக்கிராண அறைதான் செல்லின் உட்கரு. கைப்பிரதி டிஎன்ஏ, சீட்டு ஆர்என்ஏ, சமைத்து வரும் பதார்த்தம் புரதம். புத்தகத்தில் சுமார் 300 கோடி எழுத்துகள். அவற்றுக்குள் புரதம் செய்யச் சொல்லும் செய்முறைகள் ஏறத்தாழ 20,000. ஒவ்வொரு கட்டிலும் இந்தப் புத்தகம் இரண்டு பிரதி: ஒன்று அம்மா தந்தது, ஒன்று அப்பா தந்தது. கொரோனா காலத்தில் நம்மில் பலர் கேள்விப்பட்ட எம்ஆர்என்ஏ தடுப்பூசி, சீட்டை மட்டும் அடுப்படிக்கு அனுப்பியது. சில நாட்களில் சீட்டு அழிந்துவிட்டது, புத்தகத்தை யாரும் தொடவில்லை. மரபணுத் திருத்தம் புத்தகத்தையே தொடுகிறது.

தாயின் வயிற்றில் கரு ஒரே செல்லாக இருக்கும்போது ஒரே ஒரு சமையல்கட்டுதான். அங்கே புத்தகத்தைத் திருத்தினால் பிறகு பிரதியெடுக்கும் எல்லாப் புத்தகங்களிலும் அந்தத் திருத்தம் வந்துவிடும். வளர்ந்த மனிதரின் உடலிலோ சுமார் 30 லட்சம் கோடி செல்கள், உட்கரு உள்ள ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புத்தகம். அத்தனையையும் திருத்த யாராலும் முடியாது. எந்தக் கட்டைத் திருத்தினால் போதும், அதற்குள் எப்படிப் போவது, போகும் வழியில் எதையெல்லாம் உடைக்க வேண்டியிருக்கும்? உயிருள்ள மனிதரில் செய்யும் மரபணு மருத்துவத்தின் திறமையும் ஆபத்தும் இந்தக் கேள்விகளில்தான் இருக்கின்றன. இதன் அறச் சிக்கல்களும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன என்பது என் எண்ணம்.

ஒரு சொல் மாறிய செய்முறை

அரிவாள் செல் சோகையை எடுத்துக்கொள்வோம். புட்டு மாவைப் பிசற, செய்முறையில் 'பால் தெளிக்கவும்' என்று இருக்க வேண்டும். பார்த்தெழுதியவர் ஒரே ஓர் எழுத்தை மாற்றி 'பாகு தெளிக்கவும்' என்று எழுதிவிட்டார். சூடாக இருக்கும்வரை வித்தியாசம் தெரியாது. ஆறியதும் உதிரியாக இருக்க வேண்டிய மாவு கட்டிகட்டியாக இறுகிவிடும்.

ரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு நேர்வது இதுவே. 11ஆவது குரோமோசோமில் உள்ள அதன் செய்முறையில் ஏ என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் டி வந்துவிடுகிறது. அதனால் புரதச் சங்கிலியில் குளூட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வேலின் உட்காருகிறது. ஆக்சிஜனைச் சுமந்திருக்கும்போது பிரச்சினை இல்லை. உறுப்புகளுக்கு ஆக்சிஜனை இறக்கிக் கொடுத்த பிறகு இந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. வட்டமான சிவப்பணு அரிவாள் போல வளைந்து விறைத்துவிடுகிறது. சாதாரணச் சிவப்பணு 120 நாள் வாழும். இது 10 முதல் 20 நாள்தான். வளைந்த செல்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும்போது வரும் வலிக்கு மார்ஃபின் தேவைப்படுவதுண்டு. சிறுநீரகம், நுரையீரல், மூளை எல்லாம் சிறுகச் சிறுகப் பழுதாகும்.

இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் 'பாகு' இருந்தால் பெரும்பாலும் நோய் வராது, அவர் கடத்துநர். மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் கிடைக்கும் என்பதை 1954இல் ஆன்டனி அலிசன் காட்டினார். மலேரியா மிகுந்த காட்டுப் பகுதிகளில் இந்த எழுத்துமாற்றம் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருப்பதற்குக் காரணம் அதுதான். இந்தியாவில் அது முதன்முதலில் கண்டறியப்பட்டது நீலகிரியில். 1952இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் அந்த மலையின் பழங்குடி மக்களுடைய ரத்தத்தில் அதைப் பார்த்தார்கள்.

சரி, எந்தக் கட்டைத் திருத்துவது? சிவப்பணுவையே பிடித்துத் திருத்த முடியாது. அது சமையல்கட்டிலிருந்து பந்திக்குக் கிளம்பிய வாளி. அதற்குள் புத்தகம் கிடையாது. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே இல்லை. எனவே வாளிகளை நிரப்பி அனுப்பும் கட்டுக்கே போக வேண்டும். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ரத்தக் குருத்தணுக்கள்தான் அந்தத் தாய்க் கட்டுகள். அவற்றில் போதுமான அளவைத் திருத்திவிட்டால், அவை வாழ்நாள் முழுக்க நல்ல வாளிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஒட்டி வைத்த பக்கத்தைத் திறப்பது

2012இல் ஜெனிஃபர் டௌட்னாவும் இமானுவேல் ஷார்பென்டியேவும் விளக்கிய கிறிஸ்பர் முறை (2020இன் வேதியியல் நோபல் அதற்குத்தான்) கையில் துண்டுச்சீட்டோடு உக்கிராண அறைக்குள் போகும் ஓர் ஆளைப் போன்றது. சீட்டில் 20 எழுத்துகள். அதே 20 எழுத்துகள் புத்தகத்தில் எங்கே இருக்கின்றன என்று தேடி, கண்டதும் அந்த இடத்தில் தாளை வெட்டுவார். வெட்டும் புரதத்தின் பெயர் கேஸ்9. அவர் வேலை அதோடு முடிந்தது. வெட்டியதை ஒட்டுவது செல்லின் சொந்த ஆட்கள். அவர்கள் அவசரத்தில் ஒட்டுவார்கள். ஒட்டும்போது சில எழுத்துகள் விட்டுப்போகும், சில கூடும். ஆகவே ஒரு வரியைக் கெடுப்பதற்கு இந்த முறை அருமையாக உதவும். 'பாகு'வை மறுபடி 'பால்' என்று எழுதுவதற்கு இது மட்டும் போதாது.

இங்கேதான் இந்த மருத்துவத்தின் மிக அழகான யோசனை வருகிறது. 1948இல் புரூக்ளினைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன் ஒன்றைக் கவனித்தார்: பிறந்த குழந்தையின் ரத்தத்தில் அரிவாள் செல்கள் மிகக் குறைவு. ஏனென்றால் கரு வயிற்றில் இருக்கும்போது வேறொரு ஹீமோகுளோபினைப் பயன்படுத்துகிறது. அதே புத்தகத்தில் வேறொரு பக்கத்தில் இருக்கும் செய்முறை அது. அந்தப் பக்கத்தில் 'பாகு'ப் பிழை இல்லை. பிறந்து சில மாதங்களில் அந்தப் பக்கத்தை ஒட்டி மூடிவிட்டு, பெரியவர்களுக்கான பக்கத்தை உடல் திறக்கிறது. நோய் தலைகாட்டுவதும் அப்போதுதான்.

பக்கத்தை ஒட்டி மூடும் மேற்பார்வையாளர் யார்? 2008இல் பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கினின் ஆய்வகத்தில் விஜய் சங்கரன் உள்ளிட்டவர்கள் அவரை அடையாளம் கண்டார்கள். பிசிஎல்11ஏ என்ற புரதம். அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டால் பழைய பக்கம் திறந்துகொள்ளும். ஆனால் அவருக்கு மூளையிலும் நோய் எதிர்ப்புச் செல்களிலும் வேறு முக்கியமான பொறுப்புகள் உண்டு. அதனால் அவரைச் சிவப்பணு செய்யும் கட்டுக்கு மட்டும் வரவழைக்கும் உத்தரவு எந்த வரியில் இருக்கிறதோ, அதைத் தேடிப்பிடித்துக் கிறிஸ்பரால் வெட்டினார்கள். அவசர ஒட்டலில் உத்தரவு கெட்டுப்போகிறது. மற்றக் கட்டுகளில் அவர் வழக்கம்போல வேலை பார்க்கிறார். இந்தக் கட்டில் மட்டும் குழந்தைப் பருவத்துச் செய்முறை மறுபடி அடுப்பேறுகிறது.

இந்தச் சிகிச்சையின் பெயர் காஸ்கெவி. பிரிட்டன் 2023 நவம்பரிலும் அமெரிக்கா அதே ஆண்டு டிசம்பரிலும் அனுமதி அளித்தன. அமெரிக்க அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில், போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேர் தொடர்ந்து 12 மாதமாவது கடும் வலித் தாக்குதல் இல்லாமல் இருந்தார்கள். அமெரிக்காவில் இந்த நோய்க்காக இதை முதலில் பெற்றவர் மிசிசிப்பியைச் சேர்ந்த விக்டோரியா கிரே. 2019இல் சிகிச்சை பெற்ற அவர், 2023 மார்ச்சில் லண்டனில் நடந்த மனித மரபணுத் திருத்த மாநாட்டில் தானே எழுந்து பேசினார்.

இதுவரை சொன்னது இனிப்பான பகுதி. சிகிச்சை பெறுபவரின் உடலில் நடப்பதையும் சொல்ல வேண்டும்.

முதலில் மருந்து கொடுத்துக் குருத்தணுக்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரச்செய்து, மணிக்கணக்கில் இயந்திரத்தோடு இணைத்துச் சேகரிக்கிறார்கள். பல சமயம் ஒரு தடவையில் போதாது. செல்கள் ஆலைக்குப் போகின்றன, திருத்தப்படுகின்றன. சீட்டோடு போன ஆள் தவறான பக்கத்தையும் வெட்டிவிட்டாரா என்று பார்ப்பது உட்படப் பல சோதனைகளுக்குச் சில மாதங்கள் ஆகும். அவை திரும்பி வருவதற்குள் உடலில் இடம் ஒழிக்க வேண்டும். பழைய கட்டுகள் நிறைந்திருக்கும் மஜ்ஜையில் புதியவை குடியேறாது. எனவே புசல்ஃபான் என்ற கடுமையான கீமோ மருந்தால் பழைய கட்டுகளைக் காலி செய்கிறார்கள். வாயெல்லாம் புண், முடி கொட்டல், எதிர்ப்பு சக்தி இல்லாத வாரங்கள், குழந்தைப்பேறு இல்லாமலே போகும் சாத்தியம். திருத்திய செல்களைச் செலுத்திய பிறகு நாலு முதல் ஆறு வாரம் மருத்துவமனை வாசம். ஓர் எழுத்தின் விளைவைச் சரிசெய்ய ஒரு சமையல்கட்டையே காலி செய்ய வேண்டியிருக்கிறது. 'மரபணுக் கத்தரி' என்று எழுதப்படும் உற்சாகமான செய்திகளில் புசல்ஃபானுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. படுத்துக் கிடப்பவருக்கு அந்த வாரங்கள்தான் சிகிச்சை.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இன்னொன்று: திருத்தப்பட்டது மஜ்ஜை மட்டும். கருமுட்டையிலும் விந்தணுவிலும் இருக்கும் புத்தகங்கள் பழையபடிதான். குணமானவருடைய பிள்ளைக்கும் அந்த எழுத்து போய்ச்சேரும்.

வாசல் திறக்காத கட்டுகள்

மஜ்ஜையை வெளியே எடுத்துத் திருத்த முடிகிறது. கல்லீரலை, தசையை, மூளையை அப்படி எடுக்க முடியாது. சீட்டும் ஆளும் உடலுக்குள் போய்ச் சரியான கட்டின் வாசலைக் கண்டுபிடித்தாக வேண்டும். அதற்கு இரண்டு வழிகளைத்தான் அதிகம் நம்புகிறார்கள்: நோயுண்டாக்கும் சக்தியை நீக்கிய வைரஸ், அல்லது நுண்ணிய கொழுப்புக் குமிழி.

1999இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் ஒரு மரபணுச் சிகிச்சை ஆய்வில் சேர்ந்தார். புரதம் செரிக்கும்போது உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரலால் அகற்ற முடியாத நோய் அவருக்கு. ஆனால் மிதமானது, உணவுக் கட்டுப்பாட்டாலும் மாத்திரையாலும் சமாளித்துக்கொண்டிருந்தார். அந்த ஆய்வால் தனக்குப் பலன் இல்லை, இதே நோயின் கடுமையான வடிவத்தோடு பிறக்கும் குழந்தைகளுக்கு உதவும் என்று தெரிந்தே முன்வந்தார். சாகக்கிடக்கும் குழந்தையின் பெற்றோரால் சுதந்திரமாக யோசித்துச் சம்மதம் தர முடியாது என்று கருதித்தான் பெரியவர்களைச் சேர்த்திருந்தார்கள். மரபணுவைச் சுமந்து சென்ற அடினோவைரஸுக்கு எதிராக அவர் உடல் கொந்தளித்தது. நாலே நாளில், செப்டம்பர் 17 அன்று, அவர் இறந்தார். குரங்குகளிலும் முந்தைய தன்னார்வலர்களிலும் தெரிந்த பாதிப்புகள் அவருக்கு முழுமையாகச் சொல்லப்படவில்லை என்பது பிறகு வெளிவந்தது.

அவரைக் கொன்றது செய்முறை அல்ல, அதைக் கொண்டுபோன வண்டி. அதே காலத்தில் பாரிஸிலும் லண்டனிலும், எதிர்ப்பு சக்தியே இல்லாமல் பிறந்த 20 குழந்தைகளுக்கு வேறொரு வைரஸ் மூலம் மரபணு தரப்பட்டது. பெரும்பாலானவர்கள் பிழைத்தார்கள். ஆனால் அந்த வைரஸ் புதிய பக்கத்தைப் புத்தகத்தில் கண்ட இடத்தில் செருகியதால் 5 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. ஒரு குழந்தை இறந்துபோனது.

2025இல் அதே ஃபிலடெல்ஃபியா நகரத்தில், ஜெஸ்ஸியுடையதைப் போலவே அம்மோனியா சேரும் இன்னொரு அரிய நோயோடு பிறந்த ஒரு கைக்குழந்தைக்கு, கிரண் முசுனூருவும் ரெபெக்கா ஆரென்ஸ்-நிக்லஸும் தலைமை தாங்கிய குழு தனி மருந்து ஒன்றைத் தயாரித்தது. அந்தக் குழந்தையின் புத்தகத்தில் பிழை எந்த எழுத்திலோ அந்த எழுத்துக்காக மட்டுமே செய்த மருந்து. இங்கே தாளை இரண்டாக வெட்டவில்லை. 2016இல் டேவிட் லியூவின் குழு உருவாக்கிய எழுத்துமாற்று முறையில் ஓர் எழுத்தை அழித்து அதன் மேலேயே சரியானதை எழுதினார்கள். கொண்டுபோனது கொழுப்புக் குமிழி. ரத்தத்தில் விட்டால் அது இயல்பாகவே கல்லீரலில் போய்ச் சேரும். ஆறு மாதத்தில் மருந்து தயாரானது. மூன்று முறை கொடுத்த பின் குழந்தையால் முன்பைவிட அதிகப் புரதம் சாப்பிட முடிந்தது, மருந்தின் அளவு குறைந்தது. முழுமையாகக் குணமாகிவிட்டது என்று மருத்துவர்கள் சொல்லவில்லை. அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கல்லீரலின் வாசல் கிடைத்துவிட்டது. மூளைக்கும் தசைக்கும் இவ்வளவு எளிதான வாசல் இன்னும் கிடைக்கவில்லை.

திரும்பப் பெற முடியாத சம்மதம்

எந்த மருந்தாய்விலும் சேர்ந்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது ஆராய்ச்சி அறத்தின் அடிப்படை விதி. மாத்திரையை நிறுத்திவிட்டால் சில நாளில் அது உடலை விட்டுப் போய்விடும். திருத்திய புத்தகத்தை அப்படி நிறுத்த முடியாது. கண்காணிப்புக்கு வரமாட்டேன் என்று சொல்லலாம். திருத்தத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. திருத்தம் நடந்த கணத்தோடு விலகும் உரிமையில் பாதி போய்விடுகிறது. ஆகவே ஆய்வை நடத்துபவர்களின் கடமை அதே அளவு கூட வேண்டும். மரபணுத் திருத்தம் பெற்றவர்களை 15 ஆண்டு வரை கண்காணிக்கும்படி அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு சொல்வது இதனால்தான். நிறுவனம் கைமாறினாலும், திட்டம் கைவிடப்பட்டாலும் அந்தப் 15 ஆண்டுப் பொறுப்பு யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் எழுதப்படாத எந்த ஆய்வையும் நான் அறமானது என்று ஏற்கமாட்டேன்.

கருவைத் திருத்துவதில் இந்தச் சம்மதமே கிடையாது. 2018இல் சீனாவின் ஹெ ஜியான்குய் எச்ஐவி தாக்காத குழந்தைகள் வேண்டும் என்று கருக்களைத் திருத்தினார். இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. அடுத்த ஆண்டு அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. எச்ஐவியைத் தடுக்க எளிய வழிகள் இருந்தபோது, பேச முடியாத உயிர்கள்மேல், அவர்களுடைய சந்ததிவரை தொடரும் சோதனை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் பரம்பரையாகத் தொடரும் திருத்தத்தைத் தடை செய்கின்றன. அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

தயக்கம் வருவது நன்றாக நடக்கும் கட்டைத் திருத்தும்போது. பிசிஎஸ்கே9 என்ற மரபணு இயல்பாகவே செயலிழந்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு குறைவு, மாரடைப்பும் குறைவு. அதைக் கல்லீரலில் ஒரே ஊசியால் அணைக்கும் சோதனை 2022இல் நியூசிலாந்தில் தொடங்கியது. பரம்பரையாகவே கொழுப்பு மிக அதிகமாகி இளவயதிலேயே மாரடைப்பு வரும் குடும்பங்களுக்கு இது நியாயமானது. தினம் ஒரு மாத்திரையால் சமாளிக்கக்கூடியவருக்குத் திரும்பப் பெற முடியாத திருத்தம் தேவையா? ஓட்டப் பந்தயத்தில் முந்த, தசையைப் பெருக்க? மரபணு ஊக்கத்தை உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2003இலேயே தடை செய்துவிட்டது. நோய் எவ்வளவு கடுமையோ அந்த அளவுக்குத்தான் ஆபத்தை ஏற்கச் சொல்லலாம். நோயே இல்லாதவரிடம் ஏற்கச் சொல்லும் அளவுக்கு எந்த வண்டியும் இன்று பாதுகாப்பானதாக இல்லை.

நீலகிரிக்கு எப்போது வரும்?

காஸ்கெவிக்கு 2023இல் அமெரிக்காவில் வைத்த விலை 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 18 கோடி ரூபாய். அரிவாள் செல் சோகை இந்தியாவில் பெரும்பாலும் பழங்குடி மக்களின் நோய். நீலகிரியில் இருளர், குறும்பர், பணியர் வீடுகளில் இருக்கிறது. 2023 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய தேசிய இயக்கம் 7 கோடிப் பேரைப் பரிசோதித்து, 2047க்குள் நோயை ஒழிக்க இலக்கு வைத்திருக்கிறது. பரிசோதனை தேவைதான். அதன் முடிவு திருமணப் பேச்சில் ஒரு பெண்ணை ஒதுக்கும் ஆயுதமாகிவிடக் கூடாது. அமெரிக்காவில் 1970களில் கட்டாயப் பரிசோதனை வந்தபோது, நோயே இல்லாத கறுப்பினக் கடத்துநர்கள் வேலையையும் காப்பீட்டையும் இழந்தார்கள். விமானப்படைக் கல்லூரி 1981வரை அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இவ்வளவு விலை இயற்கையின் விதி அல்ல. வேலூர் சிஎம்சியில் அலோக் ஸ்ரீவஸ்தவாவின் குழு ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா ஏ நோயாளிகள் 5 பேரின் குருத்தணுக்களில் உறைகாரணி செய்முறையைச் சேர்த்தது. 2024 டிசம்பரில் வெளியான முடிவின்படி சிகிச்சைக்குப் பின் அவர்களுக்கு ரத்தக்கசிவு எதுவும் இல்லை. ஐஐடி மும்பையிலும் டாடா நினைவு மருத்துவமனையிலும் உருவாகி 2023இல் அனுமதி பெற்ற கார்-டி சிகிச்சை (எதிர்ப்புச் செல்களின் மரபணுவை மாற்றிப் புற்றுநோயைத் தாக்கவைப்பது) அறிமுகமானபோது சுமார் 42 லட்சம் ரூபாய். அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்கு அளவு. டெல்லியில் உள்ள ஐஜிஐபி மரபணு ஆராய்ச்சி நிலையத்தில் அரிவாள் செல் நோய்க்காகச் சொந்தமாக ஒரு கிறிஸ்பர் முறையையே உருவாக்கியிருக்கிறார்கள். அறிவு இங்கே இருக்கிறது.

ஆனால் அதற்கு முன்னால் ஹைட்ராக்ஸியூரியா இருக்கிறது. ஒட்டிய பக்கத்தை ஓரளவு திறக்கவைக்கும் விலை குறைந்த மாத்திரை அது. வலித் தாக்குதல்களைக் குறைக்கிறது. அது ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மாதந்தோறும் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். குழந்தைகளுக்குப் பென்சிலினும் தடுப்பூசியும் கிடைக்க வேண்டும். இவை கிடைக்காத ஒரு கிராமத்தில் 'இலவச மரபணுச் சிகிச்சை ஆய்வு' என்று போய் நின்றால், அங்கே கிடைக்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பாது. வேறு வழி இல்லாதவர் தரும் ஒப்புதலும், இரண்டு வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தவர் தரும் ஒப்புதலும் ஒன்றல்ல.

இப்படி ஓர் ஆய்வுக்கு அழைக்கப்படும் குடும்பம் தாராளமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்: எந்த உறுப்பின் செல்லைத் திருத்தப் போகிறீர்கள், எந்த வண்டியில்? கீமோ உண்டா, அதற்கு முன் கருமுட்டையையோ விந்தணுவையோ சேமித்து வைக்க யார் பணம் தருவார்கள்? இதில் சேராவிட்டால் இப்போது கிடைக்கும் மருந்து தொடருமா? இதற்கு முன் சேர்ந்தவர்களில் யாருக்காவது ஏதாவது ஆனதா? திருத்தம் பலிக்காவிட்டால் பழைய செல்களில் கொஞ்சம் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறீர்களா? மருந்து வெற்றி பெற்று விற்பனைக்கு வந்தால் எங்கள் ஊருக்கு எந்த விலையில் வரும்? பத்தாவது வருடம் ரத்தப் பரிசோதனைக்குக் கோத்தகிரியிலிருந்து வேலூர் வரப் பேருந்துக் கட்டணமும் அன்றைய கூலியும் யார் தருவது? பதில்களைத் தமிழில், எழுத்தில், கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.